பங்குனி நாற்றத்துக்கு ஐப்பசியில் மனு

கஸ்பார் வருடத்தில் எட்டு மாதம் குடும்பஸ்தர், நான்கு மாதம் சாமியார். திருச்சபை இப்படி ஒரு திருமணத்தை எங்கும் அனுமதித்ததாகத் தெரியவில்லை. தட்பவெப்பம் அனுமதித்தது. மாசி பாதியில் மனைவி அமலராணி மகள் ஐரினைக் கூட்டிக்கொண்டு ஒட்டன்சத்திரத்தில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குப் போய்விடுவாள். ஆனியில் மேல்காற்று பிறந்து நாலு நாள் கழித்து கஸ்பார் போய்க் கூட்டி வருவார். இந்த நடைமுறை 1997இல் தொடங்கி ஆறு ஆண்டுகள், ஒரே ஒரு முறை தவிர, பிசகாமல் நடந்தது. திண்டுக்கல்லில் இவ்வளவு ஒழுங்காக நடந்த வேறு காரியம் எதுவும் உடனே நினைவுக்கு வரவில்லை.

காரணம் நாற்றம்.

ஊரின் தோல்ஷாப்புகளில் தோல் ஊறிய தண்ணீர், சுண்ணாம்பில் கிடந்த தண்ணீர், மயிர் கழிந்த தண்ணீர் எல்லாம் குழாய் வழியாக வந்து சேரும் இடம் ஒன்று ஊருக்குத் தெற்கே இருந்தது. நாகல் நகரில் ஆட்டோ பிடித்தால், இடத்தின் பெயரைக் கேட்டதும் ஆட்டோக்காரர் வேறு பக்கம் பார்ப்பார். அங்கே மூன்று பெரிய குட்டைகள். முதல் குட்டை ஆழமானது, கறுப்பு நிறம். அதன் அடியில் காற்றே படாமல் கிருமிகள் கழிவைத் தின்னும். இரண்டாவதில் தண்ணீரைக் கலக்கிக் காற்றடிக்கும் மிஷின்கள் ஆறு. மூன்றாவதில் தண்ணீர் தெளிந்து நிற்கும் என்று திட்ட அறிக்கை சொன்னது. அறிக்கை மட்டும் தெளிவாக இருந்தது. இந்த மூன்றுக்கும் ஆபரேட்டர் கஸ்பார்.

கிருமிகளைக் குறை சொல்ல முடியாது. அவையும் இந்த மண்ணில் பிறந்தவை. மார்கழி, தையில் குளிருக்கு முடங்கிப் படுத்துவிடும். தோல்ஷாப்புகள் குளிர் பார்ப்பதில்லை. கழிவு வந்து அடியில் குவிந்துகொண்டே இருக்கும். மாசியில் வெயில் ஏறியதும் அவை பசியோடு எழுந்து, இரண்டு மாதச் சோற்றை ஒரே பந்தியில் தின்று ஏப்பம் விடும். அந்த ஏப்பம் அழுகிய முட்டை வாடை. காற்று அசையாத பங்குனிக் காலைகளில் அது பனி போலத் தரையோடு படுத்திருக்கும். பித்தளைக் குடம் கறுக்கும். ஐரினின் வெள்ளிக் கொலுசு கறுக்கும். ஆனியில் மேல்காற்று வந்து அள்ளிக்கொண்டு போகும் வரை இதுதான். ஐப்பசி மழைக்குப் பிறகு போனால், அந்தக் கரையில் உட்கார்ந்து கட்டுச்சோறு சாப்பிடலாம்.

நாற்றத்தை அடக்க மூன்று வழிகள் உண்டு. ஆறு மிஷின்களும் ஓட வேண்டும். அடியில் உள்ள சேற்றை வருடம் ஒருமுறை வார வேண்டும். முதல் குட்டையின் மேல் பாலாடை போலப் படியும் ஏட்டைக் கலைக்காமல் விட வேண்டும். முதல் இரண்டுக்கும் செலவு உண்டு என்பதால் நிர்வாகம் மூன்றாவதை மிகுந்த கட்டுப்பாட்டோடு கடைப்பிடித்தது. மிஷினைப் பற்றிக் கேட்டால் மேனேஜர் கருப்பணன், "ஆபீசர் வரட்டும்ப்பா, ஓட்டுவோம்" என்பார். அதிகாரி வந்து திரும்பும்வரை ஆறும் ஓடும்.

வேலையோடு கஸ்பாருக்கு ஒரு வீடும் கொடுத்திருந்தார்கள். கரைக்கு அந்தப் பக்கம் முப்பத்தெட்டு வீடுகள் கொண்ட அந்தோணியார் காலனி. அதில் முதல் வீடு. சலுகை என்றுதான் கொடுத்தார்கள்.

2002 ஆனியில், வழக்கம்போல் கூட்டி வந்த அன்று, அமலராணி பெட்டியைத் திறக்காமல் அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டாள். கஸ்பார் அவளுக்கு அத்தை மகன். சின்ன வயதிலிருந்தே "மாமா, வா, போ" என்று பேசி வளர்ந்தவள். கல்யாணம் அதை மாற்றவில்லை.

"மாமா, ஒண்ணு சொல்றேன், கேட்டுக்க. வார மாசிக்கு நான் போனா போனதுதான். திரும்ப மாட்டேன்."

"அண்ணன் வீட்ல ஏதும் சொன்னாங்களா?"

"ஒண்ணும் சொல்லல. அதான் கஷ்டமா இருக்கு. நாலு மாசம் இருக்கற விருந்தாளிய எந்த ஊர்ல பாத்திருக்க? எங்க அண்ணி தெனம் காலைல எந்திரிச்சதும், 'ஏனுங்க, உங்கூர்ல நாத்தம் நிக்கலீங்களா'ன்னு கேக்குது. மழை வருமான்னு கேக்கற மாதிரி."

"செத்த பொறு ராணி."

"ஆறு வருஷம் பொறுத்தாச்சு. வந்து வந்து போறதுக்கு நான் என்ன வேடந்தாங்கல் கொக்கா?"

"கொக்காச்சும் போற எடத்துல முட்டை வைக்கும்" என்றார் கஸ்பார்.

அமலராணி சிரித்துவிட்டாள். சிரித்ததற்கும் சேர்த்துக் கோபப்பட்டாள்.

விஷயம் ஐரினின் பள்ளிக்கூடம். முழுப் பரீட்சை எப்போதும் நாற்றத்தின் நடுவில்தான் வரும். பரீட்சை எழுதாமல் ஊருக்குப் போகும் பிள்ளையைக் கன்னியாஸ்திரிகள் நாலாம் வகுப்பு வரை இரக்கத்தில் ஏற்றிவிட்டார்கள். ஐந்தாம் வகுப்பில் இரக்கம் தீர்ந்தது. இப்போது இரண்டாவது முறையாக ஐந்து. ஒட்டன்சத்திரத்தில் காய்கறிக் கமிஷன் கடை ஒன்றில் சீட்டு எழுத ஆள் கேட்கிறார்கள் என்று அண்ணன் சொல்லியிருந்தார். அமலராணி அங்கேயே வேலைக்குப் போய், பிள்ளையையும் அங்கேயே சேர்த்து, தனியாக ஒரு வீடு பிடித்துக்கொள்வதாக இருந்தாள். மிரட்டவில்லை. வாடகை விசாரித்தாயிற்று.

ஆக, கஸ்பாருக்கு அடுத்த மாசிக்குள், மிஞ்சினால் பங்குனிக்குள், நாற்றத்தை நிறுத்தியாக வேண்டும். அதற்கு ஆறு மிஷின்களும் இரவு பகல் ஓட வேண்டும், சேறு வார வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு வேண்டும். உத்தரவு வர, அதிகாரி ஒருவர் தம் சொந்த மூக்கால் ஒரே ஒரு முறை அதை முகர வேண்டும்.

இதில்தான் சிக்கல். காலனிக்காரர்கள் 1998 முதல் வருடா வருடம் பங்குனியில் மனு கொடுத்தார்கள். எந்த அலுவலகத்தில் என்று சொல்வதில் பயனில்லை. எல்லா அலுவலகத்துக்கும் பொருந்தும். மனு மேசை மேசையாகப் போய் ஆடியில் ஓர் அதிகாரி வருவார். ஆடிக்காற்றில் அவர் வேட்டியைப் பிடிப்பாரா, மூக்கைப் பிடிப்பாரா. "ஆய்வின்போது துர்நாற்றம் உணரப்படவில்லை" என்று கடிதம் வரும். ஐந்து வருடத்துக்கு ஐந்து கடிதம். எழுத்துப் பிழை உட்பட ஐந்தும் ஒன்று.

2002க்கான கடிதம் ஆவணியில் வந்தது. அன்று மாலை கஸ்பார் ஐந்தையும் தரையில் வரிசையாக வைத்து, ஐரினின் கணக்கு நோட்டை வாங்கி, மனு கொடுத்த நாளுக்கும் அதிகாரி வந்த நாளுக்கும் இடையில் எத்தனை நாள் என்று பார்த்தார். நூற்றுப் பதினெட்டு, நூற்று முப்பத்தொன்று, நூற்று இருபத்திரண்டு, நூற்று இருபத்தேழு, நூற்று இருபத்துநான்கு. சராசரி நூற்று இருபத்துநான்கு. அரசாங்கத்தின் வேகத்தை ஒரு குடிமகன் நாள் கணக்கில் துல்லியமாக அளந்தது அந்த வட்டாரத்தில் அதுவே முதல் தடவையாக இருக்கும்.

"ராணி, இங்க வா. தப்பு நம்ம மேலதான்."

"என்ன தப்பு?"

"நாறுறப்ப மனு குடுக்குறோம். நாறுறப்ப குடுத்தா நாறாதப்ப வாராங்க. நாறாதப்ப குடுத்தா?"

அமலராணி கொஞ்ச நேரம் நோட்டைப் பார்த்தாள். பிறகு கணவனைப் பார்த்தாள். கல்யாணமான பன்னிரண்டு வருடத்தில் அப்படி ஒரு பார்வை அவருக்குக் கிடைத்ததில்லை.

ஐப்பசி கடைசித் திங்கட்கிழமை கொடுத்தால் அதிகாரி பங்குனி ஒன்றாம் தேதி வந்து நிற்பார். அது சனிக்கிழமையாக இருந்ததால் திங்கட்கிழமை வருவார் என்று அதற்கும் இடம் விட்டார் கஸ்பார். அங்கே வேலை பார்ப்பவர் மனு கொடுக்க முடியாது. எனவே அமலராணி முதல் கையெழுத்து. கீழே முப்பத்தேழு வீடு.

அந்தத் திங்கட்கிழமை காலையில் மழை விட்டிருந்தது. அலுவலக மதில் ஓரத்தில் தட்டச்சு மிஷினோடு உட்கார்ந்து மனு எழுதும் ஒச்சப்பன் தாளைச் சொருகிவிட்டுக் கேட்டார்.

"பொருள்?"

"நாத்தம்" என்றார் கஸ்பார்.

ஒச்சப்பன் மூக்கை ஒருமுறை உறிஞ்சிப் பார்த்தார். "மழையில ஊரே குளிச்சு நிக்குது. எந்த நாத்தம்ண்ணே?"

"பங்குனில வரும்."

"அப்பப் பங்குனில வாங்க."

"பங்குனில வந்தா அவங்க ஆடில வாராங்க" என்றாள் அமலராணி. "இப்பக் குடுத்தா பங்குனில வருவாங்க. எங்க வீட்டுக்காரர் கணக்குப் போட்டுருக்காரு."

ஒச்சப்பன் மிஷினிலிருந்து கையை எடுத்தார். இருபத்திரண்டு வருடமாக அந்த மதிலடியில் உட்கார்ந்திருப்பவர். "இம்புட்டு நாளா எனக்கு இது தோணல பாருங்க" என்று சொல்லி, கஸ்பாருக்குத் தன் ஸ்டூலைக் கொடுத்தார். பிறகு தொழில் முறையில் ஓர் ஆட்சேபம் சொன்னார்.

"ஆனா வரப்போற நாத்தத்துக்கு மனு வாங்க மாட்டாங்க. இப்ப அடிக்குதுன்னுதான் போடணும்."

"அது பொய்யில்லையா மாமா?" என்றாள் அமலராணி.

"பங்குனில நெசமாயிரும்" என்றார் கஸ்பார்.

ஒச்சப்பனுக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. உண்மையை எழுதும்போது வராத வார்த்தைகள் எல்லாம் வந்தன. உண்ட கஞ்சி நெஞ்சில் தங்கவில்லை என்றும், கால் கொலுசு கறுத்துப் போகிறது என்றும், இந்த மனுவையே மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் எழுதுகிறோம் என்றும் ஒன்றரைப் பக்கம் ஓடியது. முந்தைய நாளே காலனியில் வெற்றுத் தாளில் கையெழுத்து வாங்கியாகியிருந்தது. அப்போது எதிர்வீட்டு சிவனம்மாள், "ஏலே கஸ்பாரு, நல்ல காத்து அடிக்கறப்ப நாறுதுன்னு கையெழுத்துக் கேக்குற மொத மனுசன் நீதான்ப்பா" என்று சொன்னாலும் பெருவிரலை மையில் வைத்தாள். கெட்டிக்காரன் பேச்சைக் கேட்டுத்தான் காலனிக்குப் பழக்கம்.

மனுவைக் கொடுத்துவிட்டு வரும் வழியில் மூன்று பேருக்குப் பிரியாணிப் பொட்டலம் வாங்கினார்கள். அன்று இரவு அமலராணி, ஐரினின் பரீட்சைக்குப் புதுப் பேனா வாங்க வேண்டும் என்றாள்.

கஸ்பாரின் கணிப்பில் எல்லாவற்றுக்கும் இடம் இருந்தது: பொங்கல் விடுமுறை, அதிகாரியின் மகள் கல்யாணம், காணாமல் போகும் கோப்பு, ஞாயிறு. ஒன்றே ஒன்றுக்குத்தான் இடமில்லை. வேலை செய்யும் அதிகாரி.

வெள்ளிக்கிழமை காலை பத்தரை மணிக்கு ஒரு ஸ்கூட்டி வந்து கரையடியில் நின்றது. இறங்கிய பெண்ணுக்கு முப்பது வயது இருக்கும். பெயர் அறிவுச்செல்வி, அந்த அலுவலகத்துக்கு மாற்றலாகி வந்து ஒன்பது நாள்.

"துர்நாற்றம் சம்பந்தமா மனு. ஆய்வுக்கு வந்திருக்கேன்."

"எந்த மனு மேடம்?" என்றார் கஸ்பார்.

"திங்கட்கிழமை குடுத்தது."

"இந்தத் திங்கட்கிழமையா?"

"ஆமா. நாலு நாளாயிடுச்சு. கொஞ்சம் லேட்தான்."

கருப்பணன் ஓடி வந்து மிஷின்களைப் போடச் சொன்னார். "வேண்டாம், இருக்கறபடியே இருக்கட்டும்" என்றார் அறிவுச்செல்வி. டீ வேண்டாம் என்றார். இளநீர் வேண்டாம் என்றார். நாற்காலி வேண்டாம் என்றார். இப்படி ஒருவரை என்ன செய்வதென்று கருப்பணனின் முப்பது வருட அனுபவத்தில் இல்லை. கரையின் நாலு மூலையிலும், கடிகாரத்தைப் பார்த்து மூலைக்கு ஐந்து நிமிடம் நின்று முகர்ந்தார். மேகம் மூடியிருந்தது. வயல் பக்கமிருந்து ஈரக்காற்று வந்தது. எங்கோ ஒரு வேலியில் ஏதோ பூத்திருந்தது.

ஆறு வருடமாக அந்தக் குட்டையை நாறாமல் வைக்கச் சம்பளம் வாங்கிய கஸ்பார், இப்போது அதை நாற வைக்க ஒரு மூங்கிலை எடுத்தார்.

"என்ன செய்றீங்க?"

"அடித்தண்ணி சாம்பிள் எடுக்கலாம்னு, மேடம்."

முதல் குட்டையின் மேல் படிந்த ஏட்டைக் கிழித்து, மூங்கிலை அடிவரை விட்டு, இரண்டு கையாலும் துழாவினார். சேறு கலங்கியது. பெரிய குமிழி ஒன்று மெதுவாக மேலே வந்து, யோசித்து, உடைந்தது. மூன்று பேரும் முகர்ந்தார்கள்.

"மழை பெஞ்ச களிமண் மாதிரிதான் இருக்கு" என்றார் அறிவுச்செல்வி.

"எங்க ஆபரேட்டர் அம்புட்டுக் கவனம் மேடம்" என்றார் கருப்பணன்.

கருப்பணன் போன் எடுக்க அறைப்பக்கம் திரும்பிய நேரத்தில் கஸ்பார் கிட்டே போய், தணிந்த குரலில், "பங்குனில வாங்க மேடம். அப்பத் தெரியும்" என்றார்.

வேறு யாராக இருந்தாலும் சிரித்திருப்பார்கள். அந்தப் பெண் சிரிக்கவில்லை. பேனாவை மூடிவிட்டு நேராக அவர் முகத்தைப் பார்த்தார்.

"பருவத்துக்குப் பருவம் மாறுமா?"

"ஆமா மேடம். மாசி பாதியிலிருந்து வைகாசி முடிய."

"சரி. அப்ப இப்ப வந்து பிரயோசனமில்லதான். நான் பங்குனில திரும்ப ஆய்வுன்னு எழுதிடறேன். நானே வரேன். அதுக்கு ஆதாரம் வேணும். வாசனைப் பதிவேடு இருக்கும்ல, அதக் கொண்டாங்க."

இவ்வளவு பக்கத்தில் நின்று உதவி செய்யும் அதிகாரியைக் கஸ்பார் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை.

பதிவேடு இருந்தது. நாளுக்கு மூன்று வேளை கரையில் நின்று முகர்ந்து, துர்நாற்றம் உண்டா இல்லையா என்று ஆபரேட்டர் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டிய நோட்டு. வருடத்துக்கு ஒன்றாக ஆறு. வேலையில் சேர்ந்த முதல் பங்குனியில் கஸ்பார் அதில் "உண்டு. அதிகம்" என்றுதான் எழுதினார். கருப்பணன் அவரைக் கூப்பிட்டு உட்கார வைத்து அன்பாகக் கேட்டார்: "நாத்தத்த அடக்கத்தானப்பா உனக்குச் சம்பளம்? உண்டுன்னு எழுதினா நீ வேலை பாக்கலன்னு நீயே எழுதிக் குடுத்த மாதிரி ஆகாதா? வீட்டுச் சாவிய வேற வாங்கணும்." கஸ்பார் யோசித்தார். அந்தப் பக்கம் கிழிக்கப்பட்டது. அதற்குப் பிறகு ஆறு வருடம், நாளுக்கு மூன்று வேளை, அழகான சாய்ந்த கையெழுத்தில் "இல்லை". பங்குனியில் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு எழுதிய "இல்லை"களில்கூடக் கை நடுங்கியிருக்கவில்லை.

அறிவுச்செல்வி ஆறு நோட்டுகளிலும் பங்குனியை மட்டும் தேடித் தேடிப் படித்தார். இதற்குள் கருப்பணன் வந்து பக்கத்தில் நின்றுகொண்டார்.

"இது உங்க கையெழுத்துதானே?"

"ஆமா மேடம்."

"எழுதினது நெசமா?"

கருப்பணன் இருமவில்லை, முறைக்கவில்லை. குட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் எதையும் செய்திருந்தால் கஸ்பாருக்குப் பிற்காலத்தில் சொல்லிக்கொள்ள ஒரு காரணமாவது இருந்திருக்கும். கரைக்கு அந்தப் பக்கம் முதல் வீட்டின் கூரை தெரிந்தது. பொய் என்று சொன்னால் அந்தக் கூரை போகும். நெசம் என்று சொன்னால் அதற்குள் இருப்பவர்கள் போவார்கள். இதை நிதானமாக யோசிக்க அவருக்கு நூற்று இருபத்துநான்கு நாள் கிடைத்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ. கிடைத்தது ஒரு நொடி.

"நெசம்தான் மேடம்."

அறிவுச்செல்வி பேனாவைத் திறந்தார். மனுவின் முதல் பெயரில் கண் நின்றது. "அமலராணி, கணவர் பெயர் கஸ்பார். நீங்கதானா அது?"

"ஆமா மேடம்."

"வீட்ல ரெண்டு பேரும் பேசிட்டு மனுப் போட்டிருக்கலாம்ல" என்றார். குரலில் கோபம் இல்லை, களைப்புத்தான் இருந்தது. நேர்மையானவர் என்பதால் மனுதாரர்களிடம் காரணம் சொல்லாமல் போக அவருக்கு மனமில்லை. காலனியைக் கூப்பிடச் சொன்னார். இருபது முப்பது பேர் கரைக்கு வந்தார்கள். நாற்றம் இல்லை என்பதையும், இந்தக் காலம் மட்டும் இல்லாமல் எந்தக் காலத்திலும் இருந்ததாகப் பதிவு இல்லை என்பதையும் எடுத்துச் சொல்லி, நோட்டைத் திருப்பிக் காட்டினார்.

அமலராணி முன்னால் வந்து, "நான் பாக்கலாமா மேடம்?" என்றாள்.

அவள் ஒரே ஒரு தேதியைத் தேடினாள். 2000ஆம் வருடம், மார்ச் 27. அந்த ஒரு வருடம் மட்டும் பிள்ளையைப் பரீட்சை எழுத வைத்துவிடலாம் என்று பங்குனி பாதி வரை தாக்குப்பிடித்திருந்தார்கள். அன்று காலை ஐரின் வீட்டு வாசலிலேயே மூச்சு முட்டி விழுந்தாள். கஸ்பார்தான் சைக்கிளில் முன்னால் உட்கார வைத்து, ஒரு கையால் அணைத்துப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓட்டினார். பகல் முழுக்க அங்கேதான் இருந்தார்கள்.

நோட்டில் மார்ச் 27: காலை, இல்லை. மதியம், இல்லை. மாலை, இல்லை.

அமலராணி நோட்டை மூடி அதிகாரியிடம் கொடுத்து, "நன்றிங்க மேடம்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனாள்.

கஸ்பார் மாலை வேலை முடிந்து வந்தபோது சோறு ஆக்கி, வெஞ்சனம் வைத்து, தட்டும் போட்டிருந்தாள்.

"நான் வாந்தி எடுக்கறப்ப தலையப் புடிச்சுக்கிட்டு நிப்பியே மாமா."

"ம்."

"அப்புறம் போய்த்தான் எழுதுவியா? இல்ல எழுதிட்டு வந்து புடிப்பியா?"

"வேலை போயிரும்னுதான் ராணி."

"தெரியும்."

"வேற என்ன செஞ்சுருக்கணுங்கிற?"

"ஒண்ணும் செய்ய வேணாம். சாப்புடு."

கார்த்திகை மூன்றாம் நாள் அவள் பெட்டியை எடுத்துக்கொண்டு பிள்ளையோடு கிளம்பினாள். மாசிக்கு இன்னும் மூன்று மாதம் இருந்தது. காலனிக்கு ஒன்றும் விளங்கவில்லை. அண்ணன் வீட்டில் ஏதோ துக்கம் என்று நினைத்துச் சிலர் எழுந்து நின்றார்கள்.

"என்ன தாயி, இப்பத்தான காத்து நல்லாருக்கு?" என்றாள் சிவனம்மாள்.

"ஆமாக்கா. நல்லாத்தான் இருக்கு."

பத்து நாளில் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. ஆய்வின்போது துர்நாற்றம் உணரப்படவில்லை. ஆபரேட்டரின் பதிவுகளும் வாக்குமூலமும் இதை உறுதி செய்கின்றன. இதே பொருளில் மூன்று ஆண்டுகளுக்கு மனு ஏற்பதற்கில்லை. எழுத்துப் பிழை இல்லாத முதல் கடிதம் அது. நிர்வாகம் கஸ்பாரைப் பாராட்டி ஒரு கிலோ மிக்சரும் அரை கிலோ ஜாங்கிரியும் கொடுத்தது. கருப்பணன், "உன்ன மாதிரி ஒரு ஆபரேட்டர் கெடைக்கணுமே" என்று தோளைத் தட்டினார். மனதாரச் சொன்னார்.

கிறிஸ்துமஸ் அன்று காலைப் பூசை முடிந்ததும் கஸ்பார் ஒட்டன்சத்திரத்துக்குப் பஸ் ஏறினார். கையில் கேக்குப் பெட்டி, ஐரினுக்கு ஒரு கவுன். அண்ணன் வீட்டுக்குப் போனால், அண்ணி புஷ்பமேரி வாசலிலேயே, "அவங்க இப்பத் தனியா இருக்காங்களேங்க, மார்க்கெட்டுக்குப் பின்னால" என்று வழி சொன்னாள்.

ஒரே அறை. சுவரில் புதுக் காலண்டர். ஐரின் வந்து கவுனை வாங்கி உடம்போடு வைத்து அளந்து பார்த்துவிட்டு, புதுப் பள்ளிக்கூடத்தில் அரைப்பரீட்சையில் கணக்கில் எழுபத்தெட்டு என்றாள். பிறகு விளையாடப் போய்விட்டாள். மார்க்கெட்டிலிருந்து அழுகிய தக்காளி வாடை லேசாக வந்துகொண்டிருந்தது. அதைப் பற்றி இருவரும் எதுவும் சொல்லவில்லை.

அமலராணி இலை போட்டுக் கோழிக்குழம்பு ஊற்றினாள். இரண்டாவது முறை சோறு வைத்தாள். முகத்தில் கோபம் இருக்கிறதா என்று கஸ்பார் தேடினார். இருந்தால் பேசலாம். கமிஷன் கடைக்கு நாள் முழுக்க வந்து போகும் வியாபாரிகளைப் பார்க்கும் முகம்தான் இருந்தது.

"வாரியா ராணி?" என்று கேட்கத்தான் வந்திருந்தார். கை கழுவிவிட்டு வந்து கேட்கலாம் என்று இருந்தார். துண்டை நீட்டியபடி அவள் முந்திக்கொண்டாள்.

"பஸ் எத்தன மணிக்குங்க?"

மாமா இல்லை. நீ இல்லை. ஊருக்கு வந்து ஐந்து வாரத்தில் இந்த ஊர் மரியாதை முழுசாக வந்துவிட்டிருந்தது.

"அஞ்சு மணிக்கு" என்றார் கஸ்பார்.

அப்போது மணி ஒன்றரை. ஒட்டன்சத்திரத்திலிருந்து திண்டுக்கல்லுக்குப் பத்து நிமிடத்துக்கு ஒரு பஸ் என்பது அவளுக்குத் தெரியும், அவருக்கும் தெரியும், அறைக்கு வெளியே கட்டியிருந்த ஆட்டுக்கும் தெரிந்திருக்கும். அவள் தலையாட்டினாள். கஸ்பார் துண்டைத் திருப்பிக் கொடுத்து, பிள்ளையிடம் சொல்லிவிடும்படி சொல்லிவிட்டு வெளியே வந்தார்.

பஸ் நிலையத்தில் திண்டுக்கல் வண்டி கிளம்பத் தயாராக நின்றது. கண்டக்டர் படியில் நின்றபடி, "ஏறுங்கண்ணே, ஜன்னல் சீட்டு இருக்கு" என்றார்.

"இல்லப்பா. எனக்கு அஞ்சு மணி வண்டி" என்றார் கஸ்பார்.

சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். வண்டிகள் ஒவ்வொன்றாக வந்து, கூவி, நிரம்பிக் கிளம்பின. பதினைந்து, இருபது வண்டி இருக்கும். பழனிக்குப் போகும் பாத யாத்திரைக் கூட்டம் ஒன்று வந்து பக்கத்தில் உட்கார்ந்து, சாப்பிட்டு, எழுந்து போனது. டீக்கடைக்காரர் இரண்டு முறை, எங்கே போக வேண்டும் என்று விசாரித்தார். ஐந்து அடித்ததும் எழுந்து, முதலில் வந்த வண்டியில் ஏறினார்.